மகள் சேர்த்து வைக்கும் ஸ்னிப்பெட்டுகள் காப்பியா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு: பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், யாரோ எழுதிய புரோகிராம் துண்டுகளை (ஸ்னிப்பெட்டுகளை) எடுத்துச் சேர்த்து வைக்கிறார், இது காப்பியடிப்பதுதானே என்று கேட்கிறீர்கள். சேர்ப்பதில் தவறே இல்லை. வேலையில் இருப்பவர்களும் செய்வதுதான். ஏதாவது ஒரு துண்டைத் திறக்கச் சொல்லி, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்னம்மா ஆகும்?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை, பதில் தடுமாறாமல் வருகிறதா என்று பார்த்தால் போதும். காட்பாடியில் ரயில் ஏறி சென்னைக்குப் போனாலும் பெங்களூருக்குப் போனாலும் இன்டர்வியூவில் இந்த மாதிரிதான் துருவுவார்கள்.

இனி மகளுக்கு. புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் இலவசக் கணக்கு தொடங்கி, ஒரு வேலைக்கு ஒரு கோப்பு என்று வையுங்கள். லேப் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி வைரஸோடு வீடு திரும்பும் வேலை மிச்சம். கோப்பின் தலையில் கமென்ட்டாக, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டாமல் விட்டுவிடும் வரிகளாக, நான்கு குறிப்பு: என்ன செய்கிறது, எங்கே எடுத்தது, எந்த வெர்ஷனில் ஓடியது, எப்போது உடையும். நான்காவதை எழுத, காலிக் கோப்பு, பூஜ்யம், மைனஸ் எண் எல்லாம் கொடுத்து ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அங்கேதான் படிப்பு நடக்கிறது.

எதைச் சேர்ப்பது? பெரும்பாலான தொகுப்புகளில் இல்லாதவை தமிழுக்கானவை. பைதான் மொழியில் தமிழ்ப் பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த பட்டியலாக) எழுதி எக்ஸெலில் திறந்தால் பல நேரம் எழுத்து கந்தலாகிவிடும். என்கோடிங்கை, அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறையை, 'யூடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுத்தால், கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும். அதைப் பார்த்து எக்ஸெல் சரியாகப் படிக்கும். 'வேலூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைதான் 3 என்று சொல்லாது, 6 என்று சொல்லும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. சொல்லைத் தலைகீழாக்கும் வழக்கமான புரோகிராம் தமிழில் உளறுவதும் இதனால்தான்.

பணக் கணக்கை ஃப்ளோட்டில் (தசம எண் வகையில்) வைக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். பயனர் தட்டும் பெயரை, டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரியோடு கூட்டல் குறி போட்டு ஒட்டாதீர்கள். பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தாலே வரி உடையும், விஷமிகள் அதே ஓட்டை வழியாக மொத்த டேபிளையும் படித்துவிடலாம். மதிப்பைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் முறைதான் சரி.

உரிமத்தையும் பாருங்கள். தாராளமாக எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம் என்றால் அந்தக் குறிப்பைக் கூடவே வைத்தால் போதும். உரிமமே போடாத புரோகிராமை, 'யாரும் எடுக்கலாம்' என்று நினைத்து எடுக்கக் கூடாது.

பாஸ்வேர்டோடு கோப்பை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் (மாற்றத்தைப் பதியும்போது) அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

மீண்டும் பெற்றோருக்கு: கடைசி ஆண்டில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கப் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். உங்கள் ஊர்க் கைலிக் கடை ஒன்றின் ஸ்டாக் கணக்கை எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். தமிழில் சரக்குப் பெயர், பைசா கணக்கு, டேட்டாபேஸ் என்று அதற்கு வேண்டிய துண்டுகள் பாதிக்கு மேல் அதற்குள் அவர் தொகுப்பிலேயே இருக்கும்.