பாதிச் சாமியாரா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு ஐம்பது வயது தாண்டிய ஒரு பிரதர் வந்திருக்கிறார். 'எப்ப பட்டம் வாங்குவீக?' என்று என் அப்பத்தா கேட்டதற்கு, 'நான் கடைசிவரை பிரதர்தான் ஆத்தா' என்று சிரித்தார். படிப்பைப் பாதியில் விட்டவரைத்தான் பிரதர் என்பார்கள் என்கிறார் என் நண்பர். அப்படியா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? திருவிழா நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது தவறு. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குருவாவதற்காகச் செமினரியில் படிக்கும் பையனையும் பிரதர் என்கிறோம், ஆயுள் முழுக்கத் துறவியாக இருக்க வார்த்தைப்பாடு கொடுத்தவரையும் பிரதர் என்கிறோம். முதலாமவர் சில வருஷத்தில் குருப்பட்டம் வாங்கிச் சாமியாராகிவிடுவார். இரண்டாமவர் அது வேண்டாம் என்றே வந்தவர். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றும் அவருக்கும் உண்டு. பூசை வைப்பதும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதும் மட்டும் அவர் வேலை இல்லை.

1680-இல் பிரான்சில் லசால் சபையைத் தொடங்கியவர் ஒரு குருவானவர். ஆனால் தம் சபையில் குருக்கள் வேண்டாம், எல்லாரும் சகோதரராகவே இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று வைத்தார். அசிசி பிரான்சிஸும் குருவானவர் ஆனதில்லை, அதற்கு முந்தைய படியான தியாக்கோனாகவே இருந்தார். அவரையும் பாதியில் விட்டவர் என்பாரா உங்கள் நண்பர்?

சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ஃபிராத்தர். போர்த்துகீசின் ஃபிராதே, பிரெஞ்சின் ஃபிரேர், பிரான்சிஸ் சபையாரை இங்கிலீஷில் சொல்லும் ஃபிரையர் எல்லாம் அதன் பிள்ளைகள். பிரதர் என்பது பிள்ளை அல்ல, பங்காளி. சமஸ்கிருத பிராதாவும் அந்த வகையறாதான்.

நம் 'சகோதரர்' வேறு வீட்டுப் பிள்ளை. உதரம் என்றால் வயிறு; ஒரே வயிற்றில் பிறந்தவர் சகோதரர். வேடிக்கை என்னவென்றால், புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் வரும் 'அதெல்ஃபோஸ்' என்ற சொல்லுக்கும் ஒரே கருப்பை என்பதுதான் வேர்ப்பொருள். நீங்கள் எல்லாரும் சகோதரர்கள் என்று மத்தேயு 23:8-இல் இயேசு சொல்லுமிடத்தில் இருப்பது அதுதான். லத்தீனுக்குப் போனபோது விட்டுப்போன வயிறு, யாரும் திட்டமிடாமலே தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது.

அதோடு அருள் சேர்ந்து அருட்சகோதரர். இந்தப் புணர்ச்சி சரி. அருட்தந்தைதான் இடிக்கிறது, இலக்கணப்படி அருட்டந்தை என்று வரவேண்டும். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏன் யாரும் அப்படி எழுதுவதில்லை என்று தெரிந்துவிடும்.

சரி, சாமிக்குத் தமிழில் பெயர் இருக்க, பிரதருக்கு மட்டும் ஏன் இங்கிலீஷ்? 1693-இல் ஓரியூரில் வெட்டுண்ட குருவானவர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) காவியுடுத்தி, பண்டாரசாமியாக நடமாடியவர். அவரைப் போன்ற குருக்களைச் சாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் உங்கள் பக்கத்து வாய். பிரதர்மாருக்கு அப்படி ஓர் ஊர்ப்பெயர் அமையவில்லை. இது என் கணிப்புதான்.

நோட்டீஸ் என்றதும் இன்னொரு பிரதர் நினைவுக்கு வருகிறார். 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்தை அச்சுக்கு வார்த்த யோவான் கொன்சால்வஸ், இயேசு சபைப் பிரதர். உங்கள் ஊர் நோட்டீஸ் முதல் இந்தப் பத்திரிகை வரை எல்லாவற்றுக்கும் அவர் முப்பாட்டன் முறை.

பெயருக்கு முன்னால் 'அருட்சகோ.' என்று போடுங்கள். 'அருட்திரு' குருக்களுக்கு. நோட்டீஸ் ஏற்கெனவே 'அருட்திரு' என்று அச்சாகிவிட்டது என்றால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சிரித்துவிட்டுப் போவார். ஆனால் அப்பத்தா கையில் மட்டும் அது கிடைக்க வேண்டாம். பட்டம் வாங்கியாச்சு என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்.