எடை குறையவில்லை என்றால் புற்றுநோய்க் குழந்தைக்குச் சத்துக் குறைவு இல்லையா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: சிறுநீரகக் கட்டிக்குக் கீமோ எடுக்கும் 4 வயது மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை மட்டும் அப்படியே இருக்கிறது.

தராசை மட்டும் நம்பாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் அந்தக் கட்டியின் எடையும் அதில் சேர்ந்துவிடும். மலாவி போன்ற ஏழை நாடுகளில் மேல்கையின் சுற்றளவை நாடாவால் பார்க்கிறார்கள். இந்த வயதில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் சத்துக் குறைவு. அங்கே நிலக்கடலை, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை கலந்த பசை கைகொடுக்கிறது. சமைக்க வேண்டாம், தண்ணீரும் கலக்க வேண்டாம்.

வீட்டில் என்றால், கஞ்சியில் நன்றாக வெந்த முட்டை, ஒரு கரண்டி நெய், கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை. வாய்ப்புண் இருந்தால் ஆறவைத்து, காரமில்லாமல். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வெட்டி வைத்த பழமும், சீவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங்கும் இப்போதைக்கு வேண்டாம். வெறும் மைலோ போதாது. அப்படியும் சாப்பாடு இறங்கவில்லையா? மூக்குவழியாக உணவு கொடுக்கும் குழாய் பற்றி மருத்துவமனை உணவியலாளரிடம் நீங்களே கேளுங்கள், கூச்சப்பட எதுவுமில்லை.