கேளுங்கள், சொல்கிறோம்: பாம்புக் கூண்டுக்குச் சூடு

இந்த இதழில் பிரிட்டனில் பாம்பு வளர்க்கும் வாசகர்களின் கேள்விகள். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சூடு பற்றியவைதான்.

கேள்வி: ஒரு வயது பால் பைதானுக்காக (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) 120 × 60 × 60 செ.மீ. மர விவேரியம் (பாம்புக் கூண்டு) வாங்கியிருக்கிறேன். கடையில் ஒரு சிவப்பு பல்பும் ஹீட் மேட்டும் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) சேர்த்துக் கொடுத்தார்கள். இரவில் அறை 17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இவை போதுமா? (ஹாரோ)

போதாது. சிவப்பு பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிவப்பு ஒளி பாம்பின் கண்ணுக்குப் படாது என்று சொல்லி விற்கிறார்கள், உண்மையில் படும். விடிய விடிய விளக்கெரிந்தால் இரவில் நடமாடும் இந்தப் பாம்புக்கு இரவே இல்லாமல் போகும். ஹீட் மேட் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பைச் சூடாக்குமே தவிர, இவ்வளவு பெரிய பெட்டியின் காற்றைச் சூடாக்காது. மரத்தட்டுக்கு அடியில் வைத்தால் அந்தச் சூடும் மரத்தோடு நின்றுவிடும்.

உங்களுக்குத் தேவை மேலிருந்து சூடு தரும் 100 வாட் செராமிக் ஹீட்டர். அதில் வெளிச்சம் வராது, இரவும் பகலும் வேலை செய்யும். கூடவே பீங்கான் ஹோல்டர், வெப்பம் தாங்கும் வயர், ஹீட்டரைச் சுற்றிப் போடும் கம்பிக் கூடு, பல்ஸ் வகை தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து, மின்சாரத்தை விட்டு விட்டுத் தந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி), தனியாக இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள் வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். எரியும் செராமிக்கின் பரப்பு 200 டிகிரியையும் தாண்டும் என்பதால் கம்பிக் கூடு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பால் பைதான் நன்றாகவே ஏறும்.

ஹீட்டரை நடுவில் மாட்டாமல் ஒரு பக்கச் சுவரிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கூரையில் மாட்டுங்கள். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது; இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே கூண்டின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறு முனையில் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முனையிலும் உடம்பு ஒட்டி நுழையும் அளவுக்கு ஒளிந்துகொள்ளும் இடம் (ஒளிவிடம்) வையுங்கள். குளிர்ந்த பக்கம் மட்டும் ஒளிவிடம் இருந்தால், பாம்பு சூட்டை விட்டுவிட்டு மறைவைத்தான் தேடும். எவ்வளவு நல்ல ஹீட்டர் வாங்கினாலும் பலருடைய பாம்பு சோர்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

தெர்மோஸ்டாட்டின் ப்ரோப்பை (வயர் நுனியில் சூட்டை உணரும் முனை) ஹீட்டருக்கு நேர் கீழே, பாம்பின் முதுகு உயரத்தில், சுவரில் கேபிள் கிளிப் அடித்து நிறுத்துங்கள். டேப் வேண்டாம். செதிலில் டேப் ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். தெர்மோஸ்டாட்டை 32-ல் வைத்து, பாம்பை உள்ளே விடாமல் 48 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். காலை, மாலை, விடியற்காலை என்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை அளவுதான் முக்கியம். மாற்ற வேண்டியிருந்தால் ஒரு டிகிரி மட்டும் கூட்டியோ குறைத்தோ மூன்று மணி நேரம் பொறுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

செராமிக் காற்றை உலர்த்தும். ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் இருக்கட்டும். அது 50-க்குக் கீழே இறங்கினால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண் மேல் படலம் தங்கிவிடும். பெரிய தண்ணீர்த் தொட்டியும், ஈரப்பாசி நிரப்பிய ஓர் ஒளிவிடமும் போதும். தண்ணீர் தெளித்தால் ஹீட்டர் பக்கம் தெளிக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட். தெர்மோஸ்டாட் 32-ல் இருக்கிறது, அதன் ப்ரோப் மரத்தூளின் மேலே கிடக்கிறது. ஆனால் மரத்தூளை விலக்கி அகச்சிவப்பு வெப்பமானியால் கண்ணாடியைப் பார்த்தால் 41 காட்டுகிறது. தெர்மோஸ்டாட் பழுதா? (ஈஸ்ட் ஹாம்)

உடனே மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே படியுங்கள்.

தெர்மோஸ்டாட் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது தன் ப்ரோப் இருக்கும் இடத்தின் சூட்டை மட்டும் அறியும். ப்ரோப் மரத்தூளின் மேலே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 5 செ.மீ. மரத்தூள் கம்பளி போர்த்தியதுபோல் சூட்டைக் கீழேயே தடுத்து வைக்கும். மேலே 32 வரும்வரை மேட் ஓய்வில்லாமல் ஓட, அடியில் கண்ணாடி கொதிக்கிறது. பாம்பு குடைந்துகொண்டு கீழே போனால் நேரே அந்தக் கண்ணாடியில்தான் படுக்கும். சுடுகிறது என்று அது உடனே விலகிவிடும் என நம்பாதீர்கள். சுடும் பரப்பிலேயே படுத்துக் கிடந்து வயிறு வெந்துபோகும் பாம்புகள் ஏராளம்.

ப்ரோப்பை வெளியே, மேட்டுக்கும் தொட்டியின் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் பொருத்துங்கள். பாம்பு அதை நகர்த்த முடியாது, தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்தாலும் நனையாது. நனைந்த ப்ரோப் குளிர்ந்துபோய், இன்னும் சூடு வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டை ஏமாற்றும். அந்தப் பக்கம் மரத்தூளை 1 முதல் 2 செ.மீ. வரை குறையுங்கள். பிறகு உள்ளே கண்ணாடியின் மேற்பரப்பை அளந்து, அது 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டைத் திருப்புங்கள். டயலில் உள்ள எண் 30 ஆக இருந்தாலும் 35 ஆக இருந்தாலும் கவலையில்லை, பாம்பு படுக்கும் இடத்தின் அளவே கணக்கு. தொட்டியின் நான்கு மூலையிலும் சிறு ரப்பர்க் கால் ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள். சூடு வெளியேற இடமில்லாமல் அழுந்தினால் கண்ணாடி விரிசல் விடும். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக் கூடாது.

இன்றே பாம்பின் வயிற்றைப் பாருங்கள். செதில்கள் சிவந்தோ பழுப்பாகவோ இருந்தால், கொப்புளமோ கசிவோ தெரிந்தால் அது தீக்காயம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை எதையும் தடவாதீர்கள். மரத்தூளை எடுத்துவிட்டுச் சமையலறைக் காகிதம் விரித்து, அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் கார்ன் ஸ்நேக் எலியை விழுங்கிய மூன்றாம் நாள் கக்கிவிட்டது. சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி 29 காட்டுகிறது. (லெஸ்டர்)

அந்த வட்ட வெப்பமானி பாதி உயரத்துச் சுவரைத்தான் அளக்கிறது, அதிலும் துல்லியம் இல்லை. தரையில் டிஜிட்டல் ப்ரோப் வைத்துப் பாருங்கள். 23 என்று வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் தரையில் 29 முதல் 30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் மெதுவாகி, வயிற்றிலேயே இரை அழுகத் தொடங்கும். அதைத்தான் பாம்பு வெளியே தள்ளுகிறது. இரை மிகப் பெரிதாக இருந்தாலும், விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தாலும் கக்கும்.

சூட்டைச் சரிசெய்துவிட்டு 10 முதல் 14 நாள் இரை கொடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அடுத்த இரை வழக்கமான அளவில் பாதி. மீண்டும் கக்கினால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மின்கட்டணம் பயமுறுத்துகிறது. இரவில் ஹீட்டரை அணைக்கலாமா? (குரொய்டன்)

பால் பைதானுக்கு வேண்டாம். 100 வாட் செராமிக் ஒரு நாளில் பாதி நேரம் ஓடினால் 1.2 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். இரவில் சூடான பக்கத்தை 28-க்கு இறக்கலாம். உண்மையான மிச்சம் சூட்டை வெளியே விடாமல் வைப்பதில்தான் இருக்கிறது. விவேரியத்தின் பின்னாலும் பக்கங்களிலும் வெளிப்புறமாக 25 மி.மீ. தெர்மோகோல் பலகை வையுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: மின்சாரம் போய்விட்டால்? (மில்டன் கீன்ஸ்)

முதல் சில மணி நேரம் கதவைத் திறக்காமல், துளைகளை விட்டுவிட்டுக் கம்பளி போர்த்தினால் போதும். நீண்டுபோனால் பாம்பைத் துணிப்பையில் கட்டி, காற்றுத் துளையிட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். 40 டிகிரி வெந்நீர் நிரப்பிய பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் வைக்கலாம். கையைச் சூடாக்கும் ரசாயனப் பொட்டலங்கள் வேண்டாம். அவை பெட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் சூடாகின்றன. மின்சாரம் வந்ததும் அவசரமாகச் சூடேற்றாமல், வழக்கமான அளவுக்கு மெதுவாக வரவிடுங்கள். இரண்டு நாள் வெப்பம் நிலையாக இருந்த பிறகே இரை. அதற்குள் வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ, மூச்சில் கரகரப்பு கேட்டாலோ மூச்சுத்தொற்று. மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.