ஜெபிக்க வார்த்தையே வராதபோது

சகோதரி, அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து முழங்கால் போட்டாலும் வார்த்தை வரவில்லை, சபையில் ‘விசுவாசக் குறைவு’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவையே கேட்டார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார்; தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், அதுவும் இரண்டு தடவை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையும் நீங்களும் முதலில் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சம் தூங்குங்கள்.

பிறகு 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வரிவரை பதில் வராமலே முடிகிற புலம்பல் அது. ஆனாலும் வேதத்தில் இருக்கிறது! அதற்கும் பெலன் இல்லையா? பெருமூச்சு விடுங்கள், போதும். ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

அப்பாவுக்காக இன்று இரவு எங்கள் குடும்ப ஜெபத்தில் ஜெபிக்கிறோம்.