பந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அக்கா

அக்கா, சனிக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நீங்கள் கேட்டது இன்னும் மனசிலேயே நிற்கிறது: "காற்பந்து விளையாடப் போய்ப் படிப்பைக் கோட்டை விட்டுடுவானோ?" தோட்டத்திலேயே உழைத்த குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை உங்கள் மகன். முதல் தவணையில் 4க்கு 3.12 புள்ளிச் சராசரி வாங்கியவன் அடுத்ததில் 2.21க்கு இறங்கினால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும்.

நீங்கள் தேநீர் வாங்கப் போனபோது தம்பி பையைத் திறந்தான். பூட்ஸ் சுற்றிய பிளாஸ்டிக் பையோடு ஆய்வுக்கூட அறிக்கையும் கிடந்தது. ஓரத்தில் செம்மண் கறை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு கீழே சரிந்திருந்தது. ஆட்டம் முடிந்து திரும்பும் பேருந்தில் எழுதினானாம். இவ்வளவு பாடுபடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று மட்டும் திட்டிவிடாதீர்கள்.

போன தவணையில் அவன் 19 கிரெடிட் எடுத்திருக்கிறான். நம் மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, ஆய்வுக்கூடம், சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் 760 மணி நேரம். தவணையின் 18 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 42 மணி நேரம். அதற்கு மேல் தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை பயிற்சி, வார இறுதியில் வெளியூர் ஆட்டம். திணறாமல் என்ன செய்வான்? போட்டி நடக்கும் தவணையில் 14 கிரெடிட் எடுத்தால் வாரம் 31 மணி நேரத்தில் அடங்கும். மிச்சப் பாடங்களைப் போட்டி இல்லாத தவணையில் எடுக்கலாம். ஆனால் குறைக்கும் முன் கல்வி ஆலோசகரைப் பார்க்கட்டும். படிப்பு ஒரு தவணை நீண்டால் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் அதுவரை கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது அவன் கூச்சம். ஆட்டத்துக்காக இரண்டு முறை ஆய்வுக்கூட வகுப்பை விட்டிருக்கிறான், விரிவுரையாளரிடம் வாயே திறக்கவில்லை. "கோச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்ணே" என்றான். விளையாட்டு மையத்தில் விலக்குக் கடிதம் வாங்கி, ஆட்டத்துக்கு முன்பே விரிவுரையாளர் கையில் கொடுத்து, அப்போதே மாற்று நாளும் கேட்டுவிட வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் கேட்கத் தயக்கம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். "போய்க் கேளுடா, தப்பில்லை" என்று நீங்கள் சொன்னால் அவனுக்குத் துணிச்சல் வரும்.

ஒரு கிளப் கூப்பிடுவதாகவும் சொன்னான். சந்தோஷம்தான். 2010இல் மலேசியா தென்கிழக்காசிய சுசுகி கோப்பையை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் நம்மவர் கே. ராஜகோபால், காற்பந்து நம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரமில்லை. ஆனால் மாதக்கணக்கில் சம்பள பாக்கியோடு தவித்த ஆட்டக்காரர்களும் இந்நாட்டில் உண்டு. முட்டி ஜவ்வு கிழிந்தால் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதம் போல ஆகிவிடும். பட்டம் கைக்கு வரும்வரை முழுநேர ஒப்பந்தம் வேண்டாம் என்பது என் எண்ணம். எந்தத் தாளானாலும் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த தவணைக்குப் பாடம் பதியும் முன், ஆட்ட அட்டவணையையும் பாடப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு தம்பி வரட்டும். மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.