பெருங்குடியும் கொடுங்கையூரும்: சென்னைக் குப்பை பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

நகரக் குப்பையைக் கையாளும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: வீட்டில் ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிப்பது?

உங்கள் கோபம் நியாயம்தான். தெருவில் பாதி வீடுகள் கலந்து கொடுத்தால், மீதிப் பேர் பிரித்துக் கொடுத்ததும் அதே தொட்டிக்குத்தான் போகும். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, வண்டியில் தனித்தனித் தொட்டி வேண்டும் என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். அதுவரை உலர் குப்பையை ஒரு சாக்கில் சேர்த்துவைத்துப் பழைய பேப்பர்காரரிடம் கொடுங்கள். உங்கள் வீட்டுக் குப்பையில் ஒரு பகுதி அப்படியே தப்பித்துவிடும். பிரிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து: 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. தண்ணீர் அடித்தும் ஏன் அணையவில்லை?

தீ மேலே இல்லை, உள்ளே இருந்தது. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் புகாத இடத்தில் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். அதற்குள் பிளாஸ்டிக்கும் துணியும் அடுக்கடுக்காகக் கிடக்கும். மேலே அடிக்கும் தண்ணீர் அந்த ஆழத்துக்கு இறங்காது. எரியும் பகுதியைக் கிளறிக் கிளறி நனைக்க வேண்டும், மண் போட்டுக் காற்றை அடைக்க வேண்டும். அதற்கு நாள் ஆகும். புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு இதெல்லாம் ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாறு நேராக இறங்குவது அங்கேதான். பயோமைனிங் செய்கிறார்கள், அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண்ணைத் தனியாகவும் எரியக்கூடியதைத் தனியாகவும் எடுக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே மறுபக்கம் கலந்த குப்பையைக் கொட்டினால் அது எப்போது முடியும்?

தாம்பரத்திலிருந்து: இவ்வளவு பெரிய ஊருக்கு ஏன் இரண்டே கிடங்குகள்?

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஊர் வளர்ந்ததே தவிர, குப்பை போய்ச் சேரும் இடம் தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர் என்றே நின்றுவிட்டது. இன்று ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் சேருகிறது. புதிதாக எங்கே இடம் பார்த்தாலும் அங்கேயும் மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேண்டாம் என்பதும் சரிதான்.

கல்லூரி மாணவர் ஒருவர்: எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன?

நம் குப்பையில் பெரும்பகுதி ஈரம். ஈரமான விறகு எரியுமா? டெல்லி திமார்பூரில் 1987-இல் எரிஉலை கட்டினார்கள். குப்பையில் போதிய வெப்பம் கிடைக்காமல் கொஞ்ச காலத்திலேயே அதை மூடவேண்டியதாயிற்று. ஈரத்தைப் பிரித்துவிட்டு உலர்ந்ததை மட்டும் எரிக்கலாம் என்பார்கள். அப்படிப் பிரித்துவிட்டால் அதில் பெரும்பகுதியை மறுசுழற்சிக்கே கொடுத்துவிடலாமே. கொடுங்கையூர் மக்கள் தங்கள் பகுதியில் திட்டமிடப்பட்ட எரிஉலையை எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே கிடங்கைச் சுமந்தவர்கள் புகையையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

ஓட்டல் நடத்துபவர்: எங்கள் கழிவை மாநகராட்சி எடுத்துக்கொள்ளாதா?

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் மொத்தக் கழிவு உற்பத்தியாளர்கள். அந்த அளவைத் தாண்டினால் உங்கள் ஈரக் கழிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. முதலில் ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள்.

அண்ணா நகரிலிருந்து: மாடியில் உரத் தொட்டி வைத்தேன். நாற்றமும் வெள்ளைப் புழுவும் வந்து, வீட்டில் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

தூக்கிப்போடாதீர்கள்! ஈரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த் துகளை நிறையப் போட்டு நன்றாகக் கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குப் புதிதாக எதுவும் போட வேண்டாம். அதன்பிறகு ஒவ்வொரு கை காய்கறிக் கழிவுக்கும் ஒரு கை காய்ந்த இலை. கைப்பிடியில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உதிரவும் கூடாது. அந்தப் பதம் வந்துவிட்டால் நாற்றம் போய் மண் வாசனை வரும்.