பதுளையில் மழை, ஹட்டனில் வெயில்: மார்கழி, தை வானிலை பற்றி வாசகர் கேட்டவை

டிசெம்பர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றி வருகின்றன: "செய்தியில் சொன்ன வானிலை எங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா?" அறிக்கை மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் எழுதப்படுகிறது. நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில், மேட்டிலா பள்ளத்திலா இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதை நீங்களேதான் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தத் திருத்தத்தைப் பற்றியவை.

"பதுளையில் கட்டிக்கொடுத்த அக்கா, நாலு நாளாக மழை விடவில்லை என்கிறார். ஹட்டனில் எங்களுக்கு நல்ல வெயில். இடையில் ஒரு மலைதானே, ஐயா?" (ஹட்டன் வாசகி)

அந்த மலைதான் காரணம், தங்கச்சி. பிதுருதலாகலை (2,524 மீற்றர்), ஹக்கலை, ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளை என்று ஒரு பெரிய மேடு நாட்டின் நடுவே குறுக்கிட்டு நிற்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைக் கொண்டு வருகிறது. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை சரிவுகளில் மோதி மேலே ஏறும்போது அந்தக் காற்று குளிர்ந்து, ஈரத்தை மழையாக அங்கேயே கொட்டிவிடும். மேட்டைத் தாண்டி டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் இறங்கும்போது அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இறங்கும் காற்று சூடாவதால் இருக்கிற மேகமும் கலைந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை கதை தலைகீழ். அப்போது தென்மேல் பருவக்காற்றில் ஹட்டன் பக்கத்து வட்டவளை நனைய, பதுளைப் பக்கத்து ஊவா காய்ந்த காற்றில் கிடக்கும். ஊவாவின் பேர்போன தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும், டிம்புளை, டிக்கோயா தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலும் தரம் கூடி வருவது இதனால்தான். கொழுந்து எடுக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பதுளை ரயிலில் போங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். அதற்கு அந்தப் பக்கம் ஒஹிய, ஊவா மாகாணம். வெயிலோடு உள்ளே நுழைந்து மழையில் வெளியே வருவது அங்கே சாதாரணம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்க வேண்டாம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி நாட்டை நெருங்கினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற கணக்கெல்லாம் செல்லாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மூன்று மாவட்டங்களும் சேர்ந்தே அடிபட்டன. அறிக்கையில் "தாழமுக்கம்" என்று கேட்டால் ஹட்டனில் இருந்தாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"நுவரெலியாவில் ஸ்னோ கொட்டியதாக வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உண்மையா?" (வத்தளை வாசகர்)

இல்லை. அங்கே வெள்ளையாகத் தெரிவது ஒன்றில் உறைபனி, இல்லையென்றால் இடிமழையோடு விழுந்த ஆலங்கட்டி.

"போனில் காலை 6 பாகை என்று காட்டியது. ஆனால் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) கீழே புல்லெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. போன் பொய் சொல்கிறதா?" (நானுஓயா வாசகர்)

போன் சொன்னது காற்றின் வெப்பநிலை. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஓர் ஆள் மார்பு உயரத்தில், நிழல் பெட்டிக்குள் வைப்பார்கள். முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் தரையும் புல்லும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது மார்பு உயரத்தில் 3, 4 பாகை இருந்தாலும் புல்நுனி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. போனில் வரும் எண் பல கிலோமீற்றர் அகலமான ஒரு சதுரத்தின் சராசரி உயரத்துக்குக் கணித்தது. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. இரவில், பள்ளத்தாக்கில், அந்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே இருக்கும் லயத்தில் பனி இருக்காது, ஓடையோரத்துப் பாத்தி வெளுத்துக் கிடக்கும். அது உங்கள் இடத்தின் குணம், எந்தப் போனிலும் வராது.

"கந்தப்பளையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்கிறோம். உறைபனி வரப்போவதை முதல் நாளே அறிய வழி உண்டா? வந்தால் என்ன செய்வது?" (விவசாயி)

உண்டு. ஜனவரி, பெப்ரவரியில் மழை விட்டு, வானம் பளிச்சென்று திறந்து, வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும் நாட்களைக் கவனியுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்தக் காற்றும் அடங்கி, நட்சத்திரம் துல்லியமாகத் தெரிந்தால் ஆபத்து. முகில் மூடியிருந்தால் எவ்வளவு குளிரானாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், ஏனென்றால் தரை விடும் வெப்பத்தை முகில் திருப்பி அனுப்பும். இரவு முழுக்கக் காற்று வீசினாலும் தப்பலாம். பத்து ரூபாய் செலவில்லாத இந்த மூன்று அடையாளங்களை (திறந்த வானம், அடங்கிய காற்று, வறண்ட மாலை) நான் எந்தச் செயலியை விடவும் நம்புகிறேன்.

அறிகுறி தெரிந்தால் அன்று பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமான மண் பகல் வெப்பத்தை அதிகம் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். பாத்தியை வைக்கோலோ புல்லோ போட்டு மூடியிருந்தால் அந்த இரவுகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவது நல்லது. மண்ணின் வெப்பம் இலைக்கு ஏறாமல் அது தடுத்துவிடும், பலர் கவனிக்காத விஷயம் இது. நாற்றுகளுக்குச் சாக்கு அல்லது பொலித்தீன் கூரை போடலாம். இலையில் படாமல் குச்சி ஊன்றிப் போட வேண்டும், வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

இரவில் ஸ்பிரிங்க்ளர் போடுவதாக இருந்தால் பனி உருகும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் பயிரைக் காக்கிறது. டீசல் தீர்ந்து பாதியில் நின்றால், போடாமலே இருந்ததை விட மோசமாகும். லீக்ஸ், கோவா, கரட் இலேசான பனியைத் தாங்கும். முதலில் உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் பாருங்கள். கருகிய செடியை மறுநாளே வெட்டித் தள்ள வேண்டாம். சில நாள் பொறுத்தால் எங்கே துளிர்க்கிறது என்று தெரியும்.

"தை மாதம் குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏறலாமா? மழை வருமா?" (யாழ்ப்பாண வாசகர்)

நல்ல காலம். யாத்திரைப் பருவம் டிசெம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை போகிறது. மேற்குச் சரிவுக்கு ஜனவரி, பெப்ரவரிதான் மழை குறைந்த மாதங்கள். மார்ச் கடைசியிலிருந்து பிற்பகல் இடிமழை ஆரம்பிக்கும். மலை 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏறுகிறீர்கள், ஆகவே உச்சியில் ஆறு பாகை வரை குறைவாக இருக்கும். அதற்கு மேல் காற்றும் உண்டு. ஏறும்போது வியர்த்த சட்டையோடு உச்சியில் விடியலுக்குக் காத்திருப்பதுதான் பிள்ளைகளையும் வயதானவர்களையும் நடுங்க வைப்பது. மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள்.

"விடியற்காலையில் கம்பளையில் ஒன்றும் தெரியாத மூடுபனி, புசல்லாவை ஏறினால் வெயில். எப்போது புறப்படுவது?" (வேன் சாரதி)

பள்ளத்தில் தேங்கிய குளிர்காற்றும் மகாவலியின் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் பனி அது. வெயில் தரையைச் சுட்டதும், பெரும்பாலும் எட்டு, ஒன்பது மணிக்குள், கலைந்துவிடும். இறம்பொடைக்கு மேலே பிற்பகலில் இறங்கும் மூடுபனி வேறு, அது மலையில் உட்கார்ந்த முகில். நேரம் பார்த்துக் கலையாது. அந்த முகிலுக்குள் போக வேண்டிவந்தால் மஞ்சள் விளக்கும் குறைந்த வேகமும்தான் வழி.

"மஞ்சள் எச்சரிக்கை, செம்மஞ்சள் எச்சரிக்கை என்கிறார்கள். மழை விட்டதும் லயத்துக்குத் திரும்பிவிடலாமா?" (பதுளை மாவட்டத் தோட்டத் தாய் ஒருவர்)

திரும்ப வேண்டாம், அம்மா. மண்சரிவு எச்சரிக்கையைத் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதல் படி, 100 இரண்டாவது படி, 150 மூன்றாவது. ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். தோட்டக் கணக்கில் சொன்னால் மூன்று, நாலு, ஆறு அங்குலம்.

மழை விட்ட பிறகும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணுக்கும் அடியிலுள்ள பாறைக்கும் இடையில் அது சேரும்போதுதான் சரிவு நழுவுகிறது. அது சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம், சில நாள் கழித்தும் நடக்கலாம். வெயிலைப் பார்த்துத் திரும்பக் கூடாது, எச்சரிக்கை நீக்கப்பட்டதா என்று கேட்டுத்தான் திரும்ப வேண்டும்.

தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று, தெளிந்த ஓடை திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பிறகு 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். சரிவின் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. "சொன்னால் போதுமா, போவதற்கு இடம் வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள், அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. பாதுகாப்பான காணியில் வீடு கொடுக்காமல், ஒவ்வொரு மழைக்கும் மக்களைப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் நகர்த்துவது தீர்வாகாது. ஆனாலும் அந்த வீடு வரும்வரை, அந்த ஓர் இரவுக்குப் பாடசாலைத் தரையில் படுங்கள்.

"எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு மழைமானி செய்யலாமா?" (மடுல்சீமை ஆசிரியை)

கட்டாயம் செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பெய்த மழைக்கும் உங்கள் மலையில் பெய்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம், அதனால் உங்கள் அளவு உங்களுக்கே தேவை. வாயும் அடியும் ஒரே அகலமான நேர் தகரப் பேணி போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியில், காற்றில் விழாதபடி கட்டி வையுங்கள். பேணிக்குள் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால், அந்த மில்லிமீற்றர்தான் மழையளவு. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எழுதிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். மழையில்லாத நாளில் பூச்சியம் என்று எழுத வேண்டும், வெற்றிடம் விடக் கூடாது. அடைமழை நாளில் மூன்று மணிக்கொரு தடவை பார்த்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 75ஐத் தொட்டால் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லி அனுப்புங்கள்.